மெஷினுக்கு ஒரு நாள் லீவு

தகடு அடிக்கும் பிரஸ் மெஷினின் ஃப்யூஸைப் பிடுங்கி அழகேசன் சட்டைப்பையில்தான் வைத்திருந்தான். அப்புறமும் கீழே பட்டறையிலிருந்து 'டம்' என்று ஒரு சத்தம் வந்தது.

ஒரே ஒரு தடவை. மாடியில் ஜன்னலைச் சாத்தி, தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தவன் கண்ணைத் திறந்தான். ஆயுத பூஜை. மண்ணூர்பேட்டையில் அந்தத் தெரு முழுக்கப் பட்டறைகள் வாயை மூடிக்கொண்டு கிடந்தன. காலையில் அவனே மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டு வந்திருந்தான். இன்றைக்கு எவனும் மெஷினைத் தொடமாட்டான்.

போன வருஷம் தொட்டான். அழகேசன்தான் தொட்டான்.

படியில் யாரோ தடதடவென்று ஏறினார்கள். "மெதுவா ஏறத் தெரியாது? இந்த ஊட்ல ஒரு சனியனுக்கும் என் வலி புரியாது!" என்று கத்தினான். பொரிப் பொட்டலம் எடுக்க வந்த மகள் கவிப்பிரியா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா நைனா, அப்டியே அம்மா மாதிரி கத்துற?"

அது கமலத்தின் பேச்சுதான், ஒரு சொல் மாறாமல். வருஷக்கணக்காகத் தலைவலியோடு குடித்தனம் நடத்தியவள் அவன் பெண்டாட்டி. வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவாள். தெருவே அவளைச் சிடுமூஞ்சி என்றது. பேர் வைத்த புண்ணியவான் அழகேசன். அவள் பிணத்தை எடுத்த மறுவாரமே அந்த வலி அவனுக்கு வந்தது. பின்னாலேயே அவள் குணமும் வந்தது.

கவிப்பிரியா அக்கம்பக்கத்துக்குப் பொரி கொடுக்கப் போனாள். கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

டம்.

போன ஆயுத பூஜையன்று, அவசர ஆர்டர் என்று அவன் மட்டும் பெடலை மிதித்து மெஷினை ஓட்டினான். நெற்றியில் சுக்குப் பத்தோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு கமலம் இறங்கி வந்தாள்.

"இன்னிக்கி மெஷினுக்கே லீவுய்யா. எனக்கு இல்லியா?"

"நடிக்காத. கொஞ்ச நேரந்தான், பொறுத்துக்கோ."

கேட்டுவிட்டாளே என்ற வீம்பில் பொழுது சாயும்வரை ஓட்டினான். மேலே போனபோது, இதே கட்டிலில், மூக்கில் ரத்தம் உறைந்து கிடந்தாள்.

டம். டம்.

ஒவ்வொரு அடியும் வலது கண்ணுக்குப் பின்னால் வந்து இறங்கியது. படுக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினான்.

அந்திவெளிச்சம் பட்டறைக்குள் பாதிதான் எட்டியது. ஆயில் நாற்றம், கற்பூரம், வாடின சாமந்தி, எல்லாவற்றையும் மீறி ஈரச்சுக்கின் காரம். மெஷின் அசையாமல் நின்றது. போட்ட மாலைகூட ஆடவில்லை. மேலிருந்து அடி வந்து விழும் கீழ்த்தட்டைத் தொட்டுப் பார்த்தான். இரும்பு சில்லென்றிருந்தது. அந்தக் குளிர்ச்சிக்காக அவன் உயிரையே கொடுப்பான். குனிந்து நெற்றிப்பொட்டை அதில் சாய்த்தான்.

வலி நின்றது. ஒரு வருஷத்தில் முதல் தடவை. சுகத்தில் அவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை.

பிடரியில் ஒரு கை. ஈரக் கை. இன்னொரு கை நெற்றியில் சுக்குப் பத்து தடவியது. இதமாக. அவசரமே இல்லாமல்.

"கொஞ்ச நேரந்தான். பொறுத்துக்கோ."

சட்டைப்பையில் ஃப்யூஸ் நெஞ்சைக் குத்தியது. மேலே பெரிய சக்கரம் முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. சாமந்தி இதழ்கள் அவன் கன்னத்தில் உதிர்ந்தன. கண்ணை மட்டும் உருட்டிக் கீழே பார்த்தான்.

பெடலின்மேல் மெட்டி போட்ட ஒரு கால் ஏறியது.