ஒன்றரை மணி மூச்சு

மதியம் ஒன்று இருபதுக்குச் செங்கமடையில் அடுப்புகள் அணைந்தன. டிராக்டர்கள் நின்றன. ஒருவர் எருமைகளைக்கூட அவசரமாகக் கொட்டகைக்குள் ஓட்டினார். ஒன்றரைக்குச் செயற்கைக்கோள் தலைக்கு மேல் போகும். கூரைக்கடியில் நின்றால் எருமை தப்பித்துவிடும் என்று அவருக்கு நினைப்பு. சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

நான் புவிமூச்சு ஆய்வாளர். ஒவ்வோர் ஊர் நிலமும் எவ்வளவு கரியமில வாயுவை இழுக்கிறது, எவ்வளவு விடுகிறது என்று செயற்கைக்கோள் பார்க்கும். தினம் ஒரே ஒரு பார்வைதான். அதை வைத்து எங்கள் கம்ப்யூட்டரில் உள்ள கணக்கு மாடல் வருடம் முழுவதற்கும் முடிவு சொல்லும். மூன்று வருடம் தொடர்ந்து இழுப்பதைவிட விடுவது அதிகமானால், ஊரைக் காலி செய்து நிலத்தைக் காடாக விட்டுவிடுவார்கள். செங்கமடைக்கு இது மூன்றாவது வருடம். அறுபது குடும்பங்கள் என் அறிக்கைக்குக் காத்திருந்தன.

எனக்கு ஒன்று இடித்தது. பயிர் நன்றாக இருந்தது, புகையும் இல்லை. வயலிலும் தரிசிலும் மண் விடும் வாயுவைத் தானாக அளக்கும் கூண்டுகளைக் கவிழ்த்து வைத்தேன். காலையில் மண் சாதுவாக இருந்தது, மாலையிலும் அப்படியே. தரிசில் மட்டும் ஒன்றரைக்கு எகிறியது. அடக் கடவுளே, மண்ணுக்கு மணி பார்க்கத் தெரியுமா?

பன்னிரண்டானால் ஊரார் என்னைச் சாப்பிட அழைத்துப் போய் இரண்டு மணி வரை விடமாட்டார்கள். நான்காம் நாள் பசியில்லை என்று சொல்லிவிட்டுத் தரிசுப் பக்கம் போனேன். ஊர்க்குழுத் தலைவி சிட்டம்மாளும் பத்துப் பேரும் குழாய் பிடித்துத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து பார்த்தால் குளுமையாகத் தெரியட்டுமே என்றுதான். அத்தனையும் குடிதண்ணீரில் மிச்சம் பிடித்தது.

விளங்கிவிட்டது. சந்தோஷத்தில் நான் கத்தாத குறை. காய்ந்த மண் நனைந்ததும் உள்ளே தூங்கும் நுண்ணுயிர்கள் விழித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சை வாரி இறைக்கும். சரியாக அந்நேரம் செயற்கைக்கோள் வரும். நாள் முழுக்க அப்படித்தான் என்று மாடல் முடிவு கட்டிவிடும். இனி ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம், தவறை எழுதி ஊரைக் காப்பாற்றிவிடலாம் என்றேன். சிட்டம்மாளுக்கு நம்பவே முடியவில்லை. இது யார் யோசனை என்று கேட்டேன்.

"நான்தான் மேடம். பொறந்த ஊரு பொட்டல்வயல்ல பாத்துட்டு வந்து இங்க சொன்னேன். அங்க இப்படி நனைச்சும் போன மாசியில ஊரைக் காலி பண்ணிட்டாக. தண்ணி பத்தலபோலன்னு இங்க இன்னும் கூட ஊத்தச் சொன்னேன்."

பொட்டல்வயல் அறிக்கை என்னுடையது. ஒரு காலை மட்டும் போய், ஒரு கூண்டுகூடக் கவிழ்க்காமல், மாடல் சொன்னது சரி என்று எழுதிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு மதுரைக்குத் திரும்பிவிட்டேன். மறைக்காமல் அவரிடம் சொன்னேன்.

சிட்டம்மாள் குழாயை மடக்கிக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப எங்க அண்ணனைத் திரும்பி வரச் சொல்லலாமா மேடம்?"

காடாக விட்ட நிலத்துக்கு ஆட்கள் திரும்ப எங்கள் விதியில் இடமில்லை. அதைச் சொல்லாமல், அண்ணன் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டேன்.