எல்லா வரியிலும் கமாலுதீன்

போன் அடித்தது.

துளசி எடுக்கவில்லை. அடித்தது கமாலுதீனின் மேசை போன். அவன் செத்து ஒரு வாரம் ஆகிறது.

டத்தோ கிராமாட் வட்டாரத்தில் கடைக்கு மேல்மாடி ஆபீஸ். பட்டப்பகல்தான். ஆனாலும் அவளுக்கு முதுகு சில்லிட்டது.

மேனேஜர் அஸ்ஹர் போய் எடுத்தார். "இன்ஸ்பெக்டர் ரமணி. கமால் கார்டுல இந்த நம்பர்தான் இருந்துச்சாம். மேல வராங்க."

ரமணி வந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"பத்து காவான் பேக்டரியில உங்க ரோபோ கை கமாலுதீன நசுக்கிடுச்சு. ஆள் கிட்ட வந்தா அது நிக்கணும்ல?"

"புரோகிராம்ல நிக்கச் சொல்ற வரிய யாரோ மாத்திட்டாங்க, புவான் இன்ஸ்பெக்டர்," என்றாள் துளசி.

"யாரு?"

அஸ்ஹர் பெருமூச்சு விட்டார்.

"சொல்லவே கஷ்டமா இருக்கு. கமாலேதான். எந்த வரிய கடைசியா யார் மாத்தினாங்கன்னு சிஸ்டத்துல பேர் நிக்கும் லா. துளசி, காட்டும்மா."

துளசிக்குக் கை வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் வாய் நிறைய அண்ணே என்று கூப்பிட்ட மனிதன். தன் தப்பால் செத்தான் என்று எழுதி முடித்துவிட்டால், அவன் மனைவி ஹுஸ்னாவுக்கு நஷ்டஈடு கிடையாது. பழி மட்டும்தான் மிஞ்சும்.

தட்டினாள்.

கமாலுதீன்.

அடுத்த வரி... கமாலுதீன்.

கீழே தள்ளினாள். கமாலுதீன்... கமாலுதீன்... கமாலுதீன்...

"இது நான் எழுதினது..." துளசி திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். "இதுலயும் அண்ணன் பேரு."

ஏர்கான் மட்டும் உறுமியது.

அஸ்ஹர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் ரத்தம் இல்லை.

"இருக்க முடியாது... ஒரு வரிதானே..."

"என்ன ஒரு வரி?" என்றாள் ரமணி.

"ஒரே ஒரு வரியிலதான் அவன் பேரப் போட்டேன்! மத்ததெல்லாம் யாரு? அவன்... வந்துட்டானா?"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார்.

துளசிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"நீங்கதான் பாஸ். ஒவ்வொரு வரி முடியுற இடத்துலயும் உங்க விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாத குறி ஒண்ணு கூட வைக்கும். எங்க லினக்ஸ் வைக்காது. நீங்க அண்ணன் பேர்ல ஒரு வரிய மாத்தி சேவ் பண்ணா, எல்லா வரியையும் அவரே மாத்தினதாத்தான் சிஸ்டம் எடுத்துக்கும். எல்லாரும் ஒரே மாதிரி முடிக்கணும்னு அண்ணன் ரூல் போட்டாரு. பாஸுக்கு எதுக்கு ரூல்னு உங்க மெஷின்ல மட்டும் ஆஃப் பண்ணீங்களே..."

வரி முடிவை விட்டுவிட்டு ஒப்பிடு என்று கட்டளை கொடுத்தாள். அவரவர் பெயர் அவரவர் வரிக்குத் திரும்பியது. புதிதாக மாறியதாக நின்றது ஒரே வரி. கொன்ற வரி.

"நம்ம புரோகிராம யாரோ வெளிய விக்கிறாங்கன்னு அண்ணன் என்கிட்ட சொன்னாரு. அது நீங்கதான்னு அவருக்குத் தெரிஞ்சிருச்சு. அதுக்குத்தானே?"

அஸ்ஹர், கைவிலங்கு மாட்டும்போதும் கமாலுதீனின் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ... ஆவி இல்லையா, மேடம்?" என்றார்.

"ஆவியா இருந்தா நீங்க தப்பிச்சிருப்பீங்க," என்றாள் ரமணி. "ஆவிய கோர்ட்டுல சாட்சிக்குக் கூப்பிட முடியாது. உங்க விண்டோஸ கூப்பிடலாம் லா."