ஓரத்தில் நின்றவன்

போன் அலறியது.

ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் யாரோ ஒரு பெண்ணின் கன்னத்துப் பருக்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தவள், மவுஸை விட்டுவிட்டு எடுத்தாள்.

"அக்கா... என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க."

தம்பி!

"என்னடா பண்ணித் தொலைச்சே?"

"ஒண்ணும் பண்ணலைக்கா. நேத்துச் சாயங்காலம் எங்க காண்டிராக்டரை யாரோ கொன்னுட்டாங்க. வீட்டுல பொணமாக் கெடந்தாராம். நேத்துக் காலையில அவருக்கும் எனக்கும் பெரிய சண்டை... எல்லாரும் பார்த்தாங்க."

"சாயங்காலம் எங்கே இருந்தே?"

"ஜுரம்க்கா. ரூம்ல தனியாத் தூங்கிட்டிருந்தேன்."

தனியாக!

அப்பா அம்மா போன பிறகு அவள் வளர்த்த பிள்ளை. கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஆனால், கரப்பான்பூச்சி அடிக்கக்கூட அக்காவைத்தான் கூப்பிடுவான்.

போன் கை மாறியது.

"இன்ஸ்பெக்டர் பேசறேன். உங்க தம்பி ரூம்ல தூங்கினேங்கறார். சாட்சி உண்டா?"

"ஜுரத்துல உளர்றான் சார்." வாய் முந்திக்கொண்டது. "நேத்துச் சாயங்காலம் பர்னிச்சர் ஷோரூம் திறப்பு விழாவுல நான் போட்டோ எடுக்கும்போது என்கூட இருந்தான். லைட் தூக்க வந்தான். குரூப் போட்டோலகூட நிக்கிறான்."

"அப்படியா... கொண்டு வாங்க."

பொய் சொல்லியாகிவிட்டது. இனி அதற்கு உயிர் கொடுக்க வேண்டும்.

குரூப் போட்டோவைத் திறந்தாள். தம்பியை நிறுத்த இடமே இல்லை. ஒரே ஒரு ஆள் மட்டும் வலது ஓரத்தில் அரைகுறையாக நின்றான். ஃப்ளாஷ் அடித்த நேரத்தில் முகத்தைத் திருப்பியிருந்தான். இவனை யார் தேடப்போகிறார்கள்?

பின்னால் தொங்கிய திரைச்சீலையைத் துண்டு துண்டாக எடுத்து அவன் மேல் ஒட்டினாள். காது போயிற்று... தோள் போயிற்று... ஆளே போய்விட்டான்!

அந்த இடத்தில் தம்பியின் பழைய படம் ஒன்று. அதில் வெளிச்சம் இடமிருந்து விழுந்தது. ஷோரூமில் வலமிருந்து. படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டாள். பொருந்தியது. நிழல் வைத்தாள். கண் எரிந்தது.

கடவுளே... இதை மட்டும் யாரும் கண்டுபிடிக்காமல் போகட்டும்!

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் போட்டோவை லென்ஸ் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சிரித்தார்.

"ரொம்ப நன்றிம்மா. இவன் ரூம்ல தூங்கினேன்னே சாதிச்சுட்டிருந்தான்."

"எதுக்கு சார் நன்றி?"

"காண்டிராக்டர் வீட்டுல சாகலை. அந்த ஷோரூம் பார்க்கிங்ல அடிச்சுக் கொன்னு, கார்ல கொண்டுபோய் வீட்டுல போட்டிருக்காங்க. பார்க்கிங்ல கெடந்த ரத்தம் அவரோடதுதான்னு ரிப்போர்ட் இப்பத்தான் வந்தது. அவரோட பகை இருக்கிற எவனாவது அங்கே வந்திருந்தானான்னு தேடிட்டிருந்தோம். நீங்களே கொண்டுவந்து கொடுத்துட்டீங்க."

மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார்... அது பொய் சார். நான்தான் ஒட்டினேன். அவன் அங்கே வரவே இல்லை."

"எல்லா அக்காவும் இப்படித்தான் சொல்வாங்க." போட்டோவை அவள் பக்கம் தள்ளினார். "ஒட்டின மாதிரி எங்கேயாவது தெரியுதா?"

தெரியவில்லை. வெறி பிடித்தவள் மாதிரி தேடினாள். முடி... சட்டை ஓரம்... காலடி நிழல்... எல்லாம் கச்சிதம். பாழாய்ப்போனவள் இவ்வளவு சுத்தமாகவா செய்வாள்! தன் கையாலேயே தம்பிக்குக் குழி தோண்டிவிட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக, தன் வேலையில் ஒரு பிசகு கிடைக்காதா என்று தவித்தாள்.

கிடைத்தது.

"சார்! அவன் புருவம்!"

"புருவத்துக்கு என்ன?"

"அவனுக்குத் தழும்பு இடது புருவத்துல சார். இதுல வலது புருவத்துல இருக்கு பாருங்க. படத்தைத் திருப்பிப் போட்டேன், தழும்பும் சேர்ந்து திரும்பிடுச்சு. சின்ன வயசுல நான் தள்ளிவிட்டு விழுந்த தழும்பு... எனக்கே மறந்துபோச்சு." அழுதாள்.

இன்ஸ்பெக்டர் லாக்கப்புக்குப் போனார். தம்பியின் முகவாயைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். திரும்பி வந்தபோது சிரிப்பு இல்லை.

"அப்ப, இந்த இடத்துல நிஜமா நின்னது யாரு?"

"யாரோ ஒருத்தர் சார். இடத்தை அடைச்சுட்டு நின்னார்னு அழிச்சுட்டேன்."

ஒரிஜினல் அவள் செல்போனில் இருந்தது. ஓரத்தை இன்ஸ்பெக்டர் பெரிதாக்கினார். பாதி முகம். அதுவே போதுமாயிருந்தது.

"காண்டிராக்டரோட பார்ட்னர்! நேத்து ஊர்லயே இல்லைன்னு என்கிட்ட சத்தியம் பண்ணின மனுஷன்..."

ஜீப் பறந்தது.

பார்ட்னரின் கார் டிக்கியில் ரத்தம். இரண்டு அதட்டலில் எல்லாவற்றையும் கக்கிவிட்டான். தம்பி வெளியே வந்தான்.

"சார், பொய் போட்டோ கொடுத்ததுக்கு என்னை..." அவள் இழுத்தாள்.

"கேஸ் உண்டும்மா. கொலைகாரனைக் காட்டிக்கொடுத்ததும் நீங்கதான்னு கோர்ட்ல நானே சொல்றேன். இப்பப் போங்க."

ஸ்டேஷன் வாசலில் தம்பி புருவத்தைத் தடவிக்கொண்டான்.

"அன்னிக்கு என்னைத் தள்ளிவிட்டதுக்கு நீ இதுவரைக்கும் ஒரு ஸாரிகூடச் சொன்னதில்லைக்கா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஸாரியா? நீதான்டா எனக்கு தேங்க்ஸ் சொல்லணும்."