வாசனை இல்லாத முலாம்பழம்

வகுப்பிலேயே குள்ளமானவள் பட்டாணி. உயரமானவள் நெட்டை. ஒன்றாம் வகுப்பிலிருந்தே இருவரும் ஒரே பெஞ்சு. அந்த வெள்ளிக்கிழமை மட்டும் நெட்டை பையைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

"என்னடி ஆச்சு?"

"உங்கம்மாகிட்டயே கேளு. எங்க தோட்டத்து முலாம்பழம் தேறாதுன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. மொத்தமும் கம்மி விலைக்கு ஜூஸ் ஆலைக்குத்தான் போகணுமாம். எங்கப்பா நேத்து ராத்திரி சாப்பிடவே இல்ல."



பட்டாணியின் அம்மா பழங்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். பள்ளி விட்டதும் பட்டாணி நேராக அங்கே ஓடினாள்.

"அம்மா, நெட்டை வீட்டுப் பழத்துக்குக் கொஞ்சம் மார்க் கூட்டிப் போடேன்!"

"போடலாம். ஆனா இந்த மெஷினுக்கு நெட்டையைத் தெரியாதே!" என்று அம்மா சிரித்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவளை அருகில் இழுத்து உட்கார வைத்தாள்.

"அவங்க பழத்துல சர்க்கரை நல்லா இருக்கு. புளிப்பும் அளவா இருக்கு. வாசனைதான் இல்ல. இதோ பாரு."

கணினித் திரையில் குட்டிக் குட்டி மேடுகளாக ஒரு கோடு ஓடியது.

"ஒவ்வொரு மேடும் ஒரு வேதிப்பொருள். முலாம்பழத்துக்கு வாசனை கொடுக்கிறது எஸ்டர்னு ஒரு வகை. அந்த மேடெல்லாம் மலை மாதிரி நிக்கணும். இங்க எறும்புப் புத்து அளவுக்குக்கூட இல்ல. வாசனை இல்லேன்னா வாயில வெறும் சர்க்கரைத் தண்ணிதான்டா."

மறுநாள் பள்ளிக்கு விடுமுறை. விடிந்ததும் விடியாததுமாகப் பட்டாணி நெட்டையின் தோட்டத்துக்குப் போனாள். வேலியைத் தாண்டவில்லை, அதற்குள் கமகமவென்று வாசனை மூக்கைத் துளைத்தது. அப்படியே நின்றுவிட்டாள்.

'வாசனையே இல்லைன்னு அம்மா சொன்னாங்களே?'

கொடிகளுக்கு நடுவே நெட்டை நின்றிருந்தாள். "எதுக்கு வந்தே?"

"நீங்க அம்மாகிட்டக் கொடுத்த பழம் எங்க இருந்துச்சு?"

"குளிர் அறையில. வாடிடக் கூடாதுன்னு அப்பா அஞ்சு நாள் பத்திரமா வச்சிருந்தாரு."

"கொஞ்சம் காட்டேன்."

நெட்டை முறைத்தாள். ஆனாலும் கூட்டிப் போனாள்.

குளிர் அறையில் பல் கிடுகிடுத்தது. பட்டாணி ஒரு பழத்தை எடுத்து மூக்கருகே வைத்தாள். ஒன்றும் வரவில்லை. வெளியே கொண்டுவந்து வெயிலில் வைத்தாள். குளிர் விட்ட பிறகும் முகர்ந்து பார்த்தாள். அப்போதும் சுரைக்காயை முகர்ந்தது போலத்தான் இருந்தது.

"நெட்டை, இதுல ஒண்ணு, கொடியில இருந்து இப்பப் பறிச்சது ஒண்ணு. ரெண்டையும் எடுத்துக்கிட்டு வா. உங்கப்பாவையும் கூப்பிடு!"

ஆய்வகத்தில் அம்மா இரண்டு பழங்களையும் அறுத்துச் சாறு எடுத்தாள். சர்க்கரை இரண்டிலும் ஒன்றுதான். பிறகு வாசனை பார்க்கும் இயந்திரம் உறுமத் தொடங்கியது. நெட்டையின் அப்பா துண்டைக் கையில் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தார்.

குளிர் அறைப் பழத்துக்குக் குட்டி மேடுகள்தான். கொடியில் பறித்ததற்குக் கோடு கிடுகிடுவென்று ஏறி, திரையின் உச்சியைத் தொட்டது.

"அம்மா, மலை!" என்று கத்தினாள் பட்டாணி.

அம்மா நெட்டையின் அப்பாவிடம் திரும்பினாள். "ரொம்ப நாள் குளிர்ல வச்சா இந்தப் பழம் வாசனை பண்றதையே நிறுத்திடும். எங்க வச்சிருந்தீங்கன்னு நான் முதல்லயே கேட்டிருக்கணும். தப்பு என்னுதும்தான். கொடியில இருக்கிறதைப் பறிச்ச அன்னிக்கே அனுப்புங்க. தாராளமாத் தேறும்."

"நல்லா இருக்கணும்னு பொத்திப் பொத்தி வச்சேன்மா," என்றார் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

நெட்டை குனிந்து பட்டாணியின் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"ஆன்ட்டி, இவளையும் டெஸ்ட் பண்ணிப் பாருங்களேன்!"

அம்மா மகளின் தலையை முகர்ந்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு தாளில் எழுதுவது போல நடித்தாள்.

"இனிப்பு: நிறைய. வாசனை: இன்னிக்கு இன்னும் குளிக்கல!"