மூச்சு விடும் நான்காவது திரை

நான்காவது திரை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பள்ளி நீச்சல் குளத்தை ஒட்டி இருந்தது பெண்கள் உடை மாற்றும் அறை. ஜன்னலே இல்லாத அறை. ஒரு சுவர் முழுக்க நீல நிற லாக்கர்கள். எதிர்ப்பக்கம் நான்கு தடுப்புகள். தடுப்புகளுக்குக் கதவு கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் திரைதான். முதல் மூன்று திரைகளும் சாதுவாகத் தொங்கின. நான்காவது மட்டும் மெல்ல வெளியே உப்பியது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு தளர்ந்து உள்ளே போனது. மறுபடி உப்பியது. ஏதோ பெரிய உருவம் ஒன்று திரைக்குப் பின்னால் நின்றபடியே தூங்குவது போல.

கூடவே ஒரு சத்தம். "ஊஊஊ..."

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறொன்று. யாரையாவது கூட்டிவந்து காட்டினால், அது நின்றுவிடும்.

"இதுவா மூச்சு விடுது?" என்று கேட்டார் நீச்சல் டீச்சர். வாசல் கதவைத் திறந்து பிடித்தபடி திரையை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கென்னவோ சும்மா தொங்குற மாதிரிதான் தெரியுது."

"இப்பதான் டீச்சர் நின்னுச்சு!" என்றாள் கொசுறு.

"நான் வந்ததும் பயந்துடுச்சு போல. சரி, கிளம்பு."

டீச்சர் போனார். கதவு தானாக மூடிக்கொண்டது. டப்.

"ஊஊஊ..."

வகுப்பிலேயே சின்னவள் என்பதால் அவளுக்குக் கொசுறு என்று பெயர். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நீச்சலில் மட்டும் அவள் கொசுறு இல்லை. வெள்ளிக்கிழமை ரிலே போட்டியில் கடைசி ஆளாக நீந்தப்போவது அவள்தான்.

ஆனால் உடை மாற்றுவதில்தான் தகராறு. மணி அடித்ததும் உயரமான பெண்கள் ஓடிப்போய் முதல் மூன்று தடுப்புகளையும் பிடித்துவிடுவார்கள். மற்றவர்கள் லாக்கர் பக்கம் திரும்பி நின்று, துண்டைச் சுற்றிக்கொண்டு மாற்றுவார்கள். கொசுறுக்கு அது முடியாது. எல்லோரும் இருக்கும் இடத்தில் அவளுக்குக் கை கால் ஓடாது. அவ்வளவுதான்.

நான்காவது தடுப்பு எப்போதும் காலி. இந்தப் பருவத்தின் முதல் நாள் அவள் அதற்குள் போய்ப் பார்த்திருந்தாள். குனிந்து ஷூவைக் கழற்றும்போது, ஈரமான, சில்லென்ற ஏதோ ஒன்று முதுகில் ஒட்டியது. திடுக்கிட்டுத் திரும்பினாள். திரைதான். அடுத்த நொடி அது உப்பி, ஒரு ஓரம் விலகி, வெளியே இருந்த அத்தனை பேருக்கும் அவளைக் காட்டிக்கொடுத்தது. நல்லவேளை, அப்போது அவள் ஒரு ஷூவை மட்டும்தான் கழற்றியிருந்தாள்.

அன்றிலிருந்து அவள் நீச்சல் உடை மேலேயே சீருடையைப் போட்டுக்கொண்டு வந்தாள். நீந்தி முடித்ததும் ஈரத்தின் மேலேயே மறுபடி சீருடை. வகுப்பில் அவள் நாற்காலிக்கு அடியில் ஒரு குட்டிக் குளம் சேரும். இரண்டு வாரத்தில் இருமலும் சேர்ந்தது.

"இருமிக்கிட்டே வர்றவங்களை நான் தண்ணியில இறக்க மாட்டேன்" என்று டீச்சர் சொல்லிவிட்டார். "இனிமே ஈரத்தோட வகுப்புக்குப் போறதைப் பார்த்தேன், ரிலேல உன் இடத்துக்கு வேற ஆள். துணி மாத்த ஏழு நிமிஷம் தர்றேன் இல்ல?"

அன்று செவ்வாய்க்கிழமை. இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். அறையில் கொசுறு மட்டும் நின்றாள். இல்லை, லாக்கர் மூலையில் இன்னொருத்தி இருந்தாள். முயல் படம் போட்ட பையைக் கட்டிக்கொண்டு, உதட்டைப் பிதுக்கியபடி கீழ் வகுப்புச் சின்னப் பெண் ஒருத்தி.

"ஏன் இங்கேயே நிக்கிற?"

"எனக்கு வெளிய மாத்தப் பிடிக்கலக்கா. உள்ள போனா அது தொடும்."

கொசுறுக்குத் தன்னையே பார்ப்பது போல இருந்தது. அவளுக்கும் அந்தத் திரை என்றால் பயம்தான். ஆனாலும் சொன்னாள்: "நீ உள்ள போ. நான் வெளியே நின்னு திரையைப் பிடிச்சுக்கறேன். திரும்பிப் பார்க்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

முயல் பை உள்ளே போனது. கொசுறு லாக்கர்களைப் பார்த்து நின்று, கைகளைப் பின்னால் கொண்டுபோய்த் திரையின் இரண்டு ஓரங்களையும் தடுப்போடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

திரை அவள் முதுகைத் தள்ளியது.

மெதுவாக, ஆனால் உறுதியாக. யாரோ உள்ளங்கையை வைத்து "கொஞ்சம் நகரு" என்று சொல்வது போல. சின்னப் பெண்ணோ சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தாள். தள்ளுவது அவள் இல்லை. ஓடிவிடலாமா? சத்தியம் செய்தாயிற்றே!

சட்டென்று வாசல் கதவு திறந்தது. தள்ளல் நின்றது.

"என் தொப்பியை விட்டுட்டேன்!" என்று அறை அதிர வந்தாள் ஒருத்தி. அவளுக்கு ஸ்பீக்கர் என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. மிகச் சரியாக வைத்திருந்தார்கள். "என்ன கொசுறு, பேய்க்குக் காவலா?"

அவளுக்குப் பின்னால் கதவு மூடியது. டப். முதுகில் மறுபடி அந்தத் தள்ளல்.

கொசுறின் பயம் இருந்த இடத்தில் இப்போது ஒரு கேள்வி வந்து உட்கார்ந்தது.

"ஸ்பீக்கர், அந்தக் கதவைத் திற."

"எதுக்கு?"

"திறயேன்!"

கதவு திறந்தது; தள்ளல் நின்றது. மூடியது, தள்ளியது. டீச்சர் வந்தபோதும் இப்படித்தான் நடந்தது. அது ஆளைப் பார்த்து நிற்கவில்லை. கதவைப் பார்த்து நிற்கிறது!

முயல் பை உடை மாற்றி வெளியே வந்ததும் கொசுறு சொன்னாள்: "இப்போ ஒரு விரல் அளவு மட்டும் திறந்து பிடி."

ஸ்பீக்கர் அப்படியே செய்தாள். செய்தவள் கத்தினாள். "ஐயோ! பேய் இங்க வந்துடுச்சு!"

உண்மைதான். "ஊஊஊ" இப்போது கதவின் இடுக்கில் கேட்டது. ஸ்பீக்கரின் நெற்றி முடி உள்பக்கமாகப் பறந்தது.

"பேய் இல்லை, காத்து" என்றாள் கொசுறு. "வெளியேருந்து உள்ள வருது. யாரோ இழுக்கறாங்க."

"யாரு?"

கொசுறு அண்ணாந்து பார்த்தாள். லாக்கர்களுக்கு மேலே, சுவரில் ஒரு பெரிய மின்விசிறி. அறையின் ஈரக்காற்றை வெளியே தள்ளுவதற்கென்று இந்த விடுமுறையில் புதிதாக மாட்டியது. அதற்கும் விளக்குக்கும் ஒரே சுவிட்ச்.

"கதவை மூடு. நான் லைட்டை அணைக்கப் போறேன்."

"வேணாம் கொசுறு! வேணவே வேணாம்!"

டக். கும்மிருட்டு. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. முயல் பையின் கை கொசுறின் விரல்களைத் தேடி வந்து பற்றிக்கொண்டது. விசிறியின் உறுமல் மெல்ல மெல்ல இறங்கி அடங்கியது. 'ஊஊஊ' சத்தமும் தேய்ந்து, மெலிந்து, காணாமல் போனது.

"மத்த பேய் எல்லாம் இருட்டுல வரும்" என்றது இருட்டிலிருந்து சின்னக் குரல். "இது லைட் போட்டாதான் வருமா?"

மூன்று பேருமே சிரித்துவிட்டார்கள்.

விளக்கைப் போட்டுவிட்டு, கொசுறு நான்காவது தடுப்புக்குள் மண்டியிட்டுப் பார்த்தாள். பெஞ்சுக்கு அடியில், குழாய் போகும் இடத்தில், சுவரில் ஒரு ஓட்டை. கை வைத்தாள். சில்லென்று காற்று பாய்ந்தது.

இப்போது எல்லாம் விளங்கியது. விசிறி காற்றை வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. போன காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தே ஆகவேண்டும். கதவு மூடியிருந்தால் அதற்கு இருப்பது இந்த ஓட்டை மட்டும்தான். சின்ன வழியில் நிறையக் காற்று முண்டியடித்தால் சத்தம் வரும். உதட்டைக் குவித்து விசிலடிப்பதும் அப்படித்தானே! உள்ளே வந்த காற்று திரையைத் தள்ளும். திரை உப்பும். அடியில் இடுக்கு விழுந்ததும் காற்று அதன் வழியே தப்பிவிடும். திரை பழையபடி விழுந்து, விழுந்த வேகத்தில் உள்ளே வரைக்கும் ஆடி, முதுகில் ஒட்டும். பிறகு மறுபடி முதலிலிருந்து.

"அப்போ கதவைத் திறந்தே வெச்சுடலாமா?" என்றாள் ஸ்பீக்கர்.

"திறந்து வெச்சு எப்படித் துணி மாத்தறது? காத்து வரணும், கண்ணு வரக்கூடாது."

கொசுறு வாசல் கதவை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். கீழ்ப்பாதியில் போன வருட நீச்சல் விழாவின் அட்டை ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தைத் தூக்கினாள். பின்னால் மரத்தில் வரிசையாகச் சாய்வுப் பலகைகள். ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி.

"இதை யாரு மூடினது?"

முதல்முறையாக ஸ்பீக்கரின் குரல் தாழ்ந்தது. "நான்தான். அந்த வழியா யாராவது எட்டிப் பார்ப்பாங்களோன்னு பயமா இருந்துச்சு."

"உனக்குமா?" என்றாள் கொசுறு.

"ஏன், எனக்கு இருக்கக் கூடாதா? இல்லேன்னா தினம் எதுக்கு முதல் தடுப்புக்கு அப்படி ஓடறேன்?"

கொசுறு சிரிக்கவில்லை. "சரி, பார்த்துடலாம். நீ வெளிய போய் எட்டிப் பாரு. என்ன தெரியுதுன்னு சொல்லு."

அட்டையைப் பிரித்தார்கள். ஸ்பீக்கர் வெளியே போனாள். கதவு மூடியது.

"நின்னு பார்த்தா வெறும் பலகைதான் தெரியுது!" அவள் குரல் கதவைத் தாண்டி வந்தது. "குனிஞ்சாலும் பலகைதான்! இரு, படுத்துப் பார்க்கறேன்... ட்யூப்லைட் தெரியுது! பக்கத்துல ஒரு பல்லி!"

பலகைகள் வெளிப்பக்கம் தாழ்ந்து சாய்ந்திருந்தன. வளைந்து வளைந்து போகக் காற்றுக்குத் தெரியும். பார்வைக்குத் தெரியாது, அது நேராகத்தான் போகும்.

'ஊஊஊ' நின்றுவிட்டிருந்தது. ஆனால் திரையின் அடி ஓரம் மட்டும் இன்னும் லேசாகத் துடித்தது. கொசுறு அதையே முறைத்துப் பார்த்தாள். பிறகு குளத்தங்கரைக்கு ஓடினாள். டீச்சரிடம் கேட்டு, தண்ணீருக்கு அடியிலிருந்து எடுத்துப் பழகும் கனமான வளையங்களில் நான்கை வாங்கிவந்தாள். துணி கிளிப்பால் அவற்றைத் திரையின் அடியில் மாட்டினாள். துடிப்பும் நின்றது.

உலர்ந்த உடையோடு வகுப்புக்குப் போனதில் இருமலும் விட்டது. வெள்ளிக்கிழமை ரிலே முடிந்தது. யார் ஜெயித்தார்கள் என்பதை ஸ்பீக்கர் கத்திய கத்தலில் பள்ளி முழுக்கத் தெரிந்துகொண்டது. கொசுறு நனைந்த தலையோடு நான்காவது தடுப்புக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டாள். உலர்ந்த உடைக்கு மாறினாள். அதுவரை திரை மூச்சே விடவில்லை. அவள்தான் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டாள்.

அந்த அறையின் கதவில் இப்போது ஒரு சின்னத் தாள் ஒட்டியிருக்கிறது, பலகைகளை மறைக்காத உயரத்தில்:

"கீழே உள்ள சாய்வுப் பலகைகளை மூடாதீர்கள். காற்று இந்த வழியாக வந்தால் திரை பறக்காது. வெளியிலிருந்து எதுவும் தெரியாது, பார்த்துவிட்டோம். திரையின் அடியில் உள்ள நான்கு வளையங்களைக் கழற்றாதீர்கள்."

அதற்குக் கீழே, ஸ்பீக்கரின் கொட்டை எழுத்தில் இன்னொரு வரி:

"பேய் வேண்டும் என்பவர்கள் மட்டும் அட்டையைத் திரும்ப ஒட்டலாம்."