மூடிக்கொண்ட துளைகள்

செவ்வாய்க் கிரகத்தின் நான்காம் குடியிருப்பில், பல் துலக்கியதும் முதல் வேலை உடம்பில் எத்தனை கிருமிகள் குடியிருக்கின்றன என்று பார்ப்பதுதான். மணிக்கட்டில் பதித்த கிருமிமானி சொல்லிவிடும். நம்மவர்கள் ராசிபலன் பார்ப்பது மாதிரி. ஆனால் இது பலிக்கும்.

மூன்று நாளாகப் பவளக்கொடியின் கிருமிமானி சிவப்பாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. சிறுநீரகத்தில் தொற்று, நூற்று நான்கு டிகிரி ஜுரம். மூன்று மருந்து மாற்றியும் இறங்கவில்லை. கணவன் வீரபாகு, டாக்டர் மெஹருன்னிசாவை வழிமறித்தான்.

“மருந்து வேலை செய்யுதா இல்லையா டாக்டரம்மா?”

“உள்ள போனாத்தானே வேலை செய்யும்?” டாக்டர் திரையைக் காட்டினார். “இந்தக் கிருமியோட வெளித்தோல்ல பொடிப் பொடியா வாசல் இருக்கு. துளைப்புரதம்னு பேரு. சாப்பாடும் அது வழியாத்தான், மருந்தும் அது வழியாத்தான். பயல் எல்லாத்தையும் சாத்திட்டான்.”

“பட்டினி கிடக்க மாட்டானா?”

“அரைப்பட்டினியாக் கிடப்பான், சாகமாட்டான். நாளைக்குள்ள மருந்து உள்ள போகலைன்னா இவங்க உயிருக்கே ஆபத்து.”

வீரபாகுவுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருடம் சண்டை போட்டுப் பழகிய மனைவி.

டாக்டர் ஒரு தந்திரம் செய்தார். இந்தக் கிருமிக்கு இரும்பு என்றால் உயிர். அதை உள்ளே இழுக்க மட்டும் தனி வாசல் வைத்திருந்தது. மருந்தை இரும்போடு கட்டி, ‘வேடமருந்து’ ஆக்கி ஏற்றினார். இரும்பைக் கண்ட கிருமி வாசலைத் திறந்தது. மாலைக்குள் ஜுரம் விட்டது.

டாக்டர் எதற்கும் இருக்கட்டும் என்று வீரபாகுவின் மணிக்கட்டையும் பார்த்தார். அதே கிருமி அவன் குடலில் சுகமாக உட்கார்ந்திருந்தது. அவனை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அவனிடமிருந்து அவளுக்கு மறுபடி தொற்றும், இன்னொரு முறை அவள் தாங்கமாட்டாள்.

“எனக்கா? நான் கல்லு மாதிரி இருக்கேன். மருந்து கிருந்தெல்லாம் வேண்டாம்” என்று வாயை இறுக மூடிக்கொண்டான் வீரபாகு.

டாக்டர் அறிவியல் சொன்னார், கெஞ்சினார், மிரட்டினார். வாய் திறக்கவில்லை. கடைசியில் அலுத்துப்போய் மருந்துக் குப்பியை மேசைமேல் வைத்தார்.

“சரி விடுங்க. உங்க வீட்டம்மா மருந்துக்கு இன்னிக்கு ஒரு நாள் ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம். வேற யாருக்காவது குடுத்துடறேன்.”

“இருங்க, இருங்க! எங்களுக்கு வந்ததை இன்னொருத்தருக்கு எப்படிக் குடுப்பீங்க?”

பிடுங்கி ஒரே மடக்கில் குடித்தான். அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றிக் குலுக்கி அதையும் குடித்தான்.

படுக்கையில் பவளக்கொடி மெல்லக் கண் திறந்தாள்.

“என்னைக் கேட்டிருந்தா முதல்லயே சொல்லியிருப்பேனே டாக்டர். ஓசின்னா இந்த மனுஷன் பினாயிலக்கூடக் குடிப்பாரு.”