பளபளப்புக்கு அடியில்

கறுப்புத் திரையின் நடுவில், சற்றே இடப்பக்கமாக, டெய்சி வைக்காத ஒரு மஞ்சள் புள்ளி இருந்தது.

தூசி என்றுதான் முதலில் நினைத்தாள். துப்பட்டா நுனியை நாக்கில் தொட்டு மானிட்டரைத் துடைத்தாள். புள்ளி போகவில்லை. படத்தை நகர்த்திப் பார்த்தாள். படத்தோடு சேர்ந்து புள்ளியும் நகர்ந்தது. அப்படியென்றால் படத்துக்குள்தான் இருக்கிறது. கை தவறி எங்கோ கிளிக் செய்திருப்பேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டு அதன் மேல் கறுப்பைப் பூசினாள். மறைந்தது. மௌஸிலிருந்து கையை எடுத்து, விரல்களைச் சொடுக்கிவிட்டு மறுபடி பார்த்தபோது இருந்தது.

ராபர்ட்சன்பேட்டையில் அன்று பந்த். தங்கச் சுரங்கத்தை மூடக் கூடாதென்று ஊர்வலம் போனவர்களின் கோஷம் பதினோரு மணிக்கெல்லாம் தேய்ந்து மறைந்திருந்தது. அதன் பிறகு கடைத்தெருவில் ஒரு சைக்கிள் மணிகூட இல்லை. கல் வந்து விழுமோ என்ற பயத்தில் கடையின் ஷட்டரைத் தரையிலிருந்து ஒரு அடி மட்டும் விட்டு இறக்கி வைத்திருந்தாள். அந்த இடைவெளி வழியே நடுப்பகல் வெயில் வெள்ளைப் பட்டையாக உள்ளே வந்து சிமெண்ட் தரையில் கிடந்தது. மற்றபடி அந்த நீள அறை முழுக்க அரையிருட்டு. மூலையில் துணி போர்த்திய ஜெராக்ஸ் மெஷின், கம்ப்யூட்டர் படிக்க வருகிறவர்களுக்கான காலி நாற்காலிகள், சூடான பிளாஸ்டிக்கும் மையும் கலந்த வாசனை, யுபிஎஸ்ஸின் ஓயாத முனகல்.

கடை துரையுடையது. ஈஸ்டர் முடிந்ததும் அவளுடையதும்தான். போன ஞாயிறு சர்ச்சிலிருந்து திரும்பும் வழியில், கல்யாணம் பண்ணிக்கலாமா என்று அவன் கேட்டான். நான்கு வருஷமாகத் தனியாக இருந்தவள், கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, சரி என்றாள். அதற்குத்தான் இந்தப் புதுப் போர்டு. ‘துரை கம்ப்யூட்டர்ஸ்’ இனி ‘துரை டெய்சி கம்ப்யூட்டர்ஸ்’ ஆகப்போகிறது.

“பேருக்குப் பக்கத்துல பெருசா ஒரு மானிட்டர் படம் போடு. சும்மா பளபளன்னு இருக்கணும், கண்ணாடி மாதிரி,” என்று காலையில் சொல்லிவிட்டு ஊர்வலத்துக்குப் போயிருந்தான்.

காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். முனை மழுங்கிய ஒரு பெட்டி, அதற்குச் சாம்பல் நிறம், ஓரங்களில் வெளிச்சம் பட்டது போல ஒரு கோடு, உள்ளே சுத்தமான கறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலே தனி அடுக்காக, தனி லேயராக, வளைந்த ஒரு வெள்ளை. மேல்பக்கம் கனமாகத் தொடங்கி, கீழே வரவர இல்லாமலே போகும்படி அந்த வெள்ளையைக் கரைத்துவிட்டால் போதும். வெறும் கறுப்பு கண்ணாடியாகிவிடும். போட்டோஷாப்பில் அவளுக்கு மிகவும் பிடித்த வேலை அது. கைக்குள்ளேயே வெளிச்சம் உண்டாவது போல இருக்கும்.

ஐட்ராப்பரை எடுத்துப் புள்ளியின் மேல் வைத்தாள். எந்த இடத்தில் வைத்தாலும் அந்த இடத்தின் நிறத்தை எண்களாகச் சொல்லிவிடும். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்றது. சுத்தக் கறுப்பு. கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிவது கம்ப்யூட்டருக்குக் கறுப்பாக இருந்தது.

லேயர்களை ஒவ்வொன்றாக மறைத்தாள். பெட்டியை மறைத்தாள், இருந்தது. ஓரக் கோட்டை மறைத்தாள், இருந்தது. பளபளப்பை மறைத்ததும் போய்விட்டது. மறுபடி கொண்டுவந்தாள். வந்தது. புள்ளி கறுப்பில் இல்லை. அவள் கரைத்துவிட்ட பளபளப்பில் இருந்தது.

கண்ணாடியில் எது தெரிந்தாலும் அது பார்க்கிறவனுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இது வரைந்த கண்ணாடி, இதில் எதுவும் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் திரும்பினாள். சுவர், காலண்டர், நாற்காலிகள்.

திரும்பி உட்கார்ந்தபோது புள்ளி கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம். டொக், டொக், டொக். சின்ன இடைவெளி. மறுபடி டொக், டொக், டொக். யுபிஎஸ் என்று நினைத்து அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். அது தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கினாள். நிற்கவில்லை. இரும்பை இரும்பால் தட்டுகிற சத்தம், வெகு தூரத்திலிருந்து, பல சுவர்களைத் தாண்டி வருவது போல. கூடவே ஒரு வாசனையும் வந்தது. ஈரப் பாறையும் வெடிமருந்துப் புகையும் கலந்தது. நான்கு வருஷத்துக்கு முன்பு வரை ஒவ்வொரு ஷிப்ட் முடிந்தும் சாம்ராஜின் சட்டையோடு அவள் வீட்டுக்குள் வந்த வாசனை. எத்தனை முறை துவைத்தாலும் காலரில் மிச்சம் இருக்கும்.

சாம்ராஜ் அவள் புருஷன். சுரங்கத்தில் பாறை வெடித்துச் சரிந்த அன்று அந்த லெவலில், அந்த ஆழத்துச் சுரங்கத் தளத்தில், ஐந்து பேர் இருந்தார்கள். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்தபோது அதில் துரை ஒருவன்தான் இருந்தான். காதிலிருந்து ரத்தம் வழிய, நேராக அவள் முன்னால் வந்து மண்டியிட்டான். “ஒரு நொடிதான் டெய்சி. நான் கண்ணால பார்த்தேன். வலிச்சே இருக்காது அவனுக்கு.” உள்ளே போவது ஆபத்து என்று மூன்றாம் நாள் அந்த லெவலை அடைத்து சீல் வைத்துவிட்டார்கள். நான்கு பேரின் உடலும் வரவில்லை. மற்ற மூன்று வீட்டுப் பெண்களும் சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதபோது, டெய்சி அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு நொடி. ராத்திரியில் விழிப்பு வந்தால் அதைச் சொல்லிச் சொல்லித் தூங்கினாள். அதைக் கொடுத்தவன் என்பதால்தான், சுரங்க வேலையை விட்டு துரை தொடங்கிய இந்தக் கடைக்கு வேலைக்கு வந்தாள், அவன் கையைப் பிடிக்கவும் சம்மதித்தாள்.

டொக், டொக், டொக்.

புள்ளி இப்போது புள்ளியாக இல்லை. மங்கிய மஞ்சள் விளக்கு. ஹெல்மெட்டில் மாட்டுகிற விளக்கு. அதன் கீழே கறுப்புக்குள் இன்னும் கறுப்பாக ஓர் உருவம், முதுகு காட்டி, முழங்காலிட்டு. ஒரு கை மேலே போய்க் கீழே வந்தது. மேலே போய்க் கீழே வந்தது. கை இறங்கும்போதெல்லாம் சத்தம் வந்தது. குழாய் ஒன்றை ஸ்பேனரால் தட்டிக்கொண்டிருந்தான்.

இடது தோள் வலதைவிட இறங்கியிருந்தது.

டெய்சிக்கு அந்தத் தோளைத் தெரியும். வருஷக்கணக்கில் டிரில் பிடித்து இறங்கிப்போன தோள். சட்டை தைக்கிறவனிடம் அவளே சொல்லியிருக்கிறாள், அண்ணா, அவருக்கு இந்தப் பக்கம் அரை அங்குலம் குறைச்சு வையுங்க என்று.

ஷட்டர் சலசலத்தது. அவள் அலறியேவிட்டாள்.

“நான்தான், நான்தான்.” துரை குனிந்து உள்ளே வந்தான். நெற்றியில் வேர்வை, கையில் மடித்த கொடி. “இன்னா டெய்சி, பேயைப் பார்த்த மாதிரி நிக்கிற? படம் முடிஞ்சுதா?”

அவள் ஒதுங்கி நின்று வழிவிட்டாள். அவன் சிரித்துக்கொண்டே திரைப்பக்கம் வந்தான். பாதி வழியில் நின்றான்.

டொக், டொக், டொக்.

இன்னா சத்தம் இது என்று அவன் கேட்கவில்லை. எங்கிருந்து வருகிறது என்று தேடவில்லை. முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல வழிந்து இறங்கியது. தனக்குத்தானே போல் கேட்டான்.

“இன்னும் அடிச்சிக்கினே கீறானா?”

அவள் திரையிலிருந்து அவன் பக்கம் திரும்பினாள்.

“இன்னும்னா?” என்றாள் டெய்சி.

அவன் அவளைப் பார்த்தான். சொன்னது தன் வாய்தான் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“இன்னும்னா இன்னாங்க அர்த்தம்?”

“டெய்சி, நான் சொல்றதைக் கேளு...”

“ஒரு நொடின்னு சொன்னீங்களே.”

துரை ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். பேசும்போது அவளைப் பார்க்கவில்லை, தரையில் கிடந்த வெயிலைப் பார்த்தான். “கேஜ்ல ஏறும்போதே கேட்டுது. காத்துக்குழாய்ல தட்டுறான். மூணு, மூணா. மேல வந்ததும் ரெஸ்க்யூகாரங்க கேட்டாங்க, அந்தப் பக்கம் யாராவது உசுரோட கீறாங்களான்னு. ஆமான்னா என்னைத்தானே வழி காட்டக் கூப்பிடுவாங்க? இல்லன்னுட்டேன். பயம் டெய்சி. மறுபடி அந்த இருட்டுக்குள்ள... என்னால ஆவாதுன்னு பயம்.”

“மறுநாள்?”

“மொத நாள் இல்லன்னுட்டு மறுநாள் எப்படி மாத்திச் சொல்றது?”

“மூணாம் நாள்?”

அவன் நாற்காலியின் முதுகிலிருந்து கையை எடுத்தான். “சீல் வைக்க நானும் போனேன். எல்லாரும் தள்ளி நின்னாங்க. நான் குழாய்ல கை வச்சுப் பார்த்தேன்.” உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். “மெதுவாத்தான் தட்டினான். ஆனா தட்டினான்.”

மூன்றாம் நாள் சாயந்திரம் துரை இட்லி வாங்கி வந்திருந்தான். சாப்பிடு டெய்சி, அவன் ஆத்துமா சாந்தியாவணும்னா நீ சாப்பிடணும் என்று பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினான். அவள் சாப்பிட்டாள். நான்கு இட்லி. கை கழுவிவிட்டு அவனுக்கு நன்றியும் சொன்னாள். அந்த நேரத்தில், அவள் மென்று விழுங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில், பாதத்துக்கு நேர் கீழே, மைல் கணக்கான பாறைக்கு அடியில், அவன் தட்டிக்கொண்டிருந்தான். நான்கு வருஷமாக அவள் தலை வைத்துத் தூங்கிய அந்த ஒரு நொடி நீண்டது. மூன்று பகலாக, மூன்று இரவாக.

துரை பாய்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினான். யுபிஎஸ் கீச்சிட்டது. அதையும் அணைத்தான். மின்விசிறி நின்றது, முனகல் நின்றது.

திரை அணையவில்லை.

டொக், டொக், டொக்.

டெய்சி மானிட்டருக்கு அருகே போனாள். விரலை மடக்கினாள்.

“வேணாம்,” என்றான் துரை. குரல் கிழிந்திருந்தது. “பதில் மட்டும் குடுக்காத டெய்சி. உன் கால்ல விழறேன். பதில் குடுத்தா அவனுக்கு இங்க வர வழி தெரிஞ்சிடும்.”

அவள் கண்ணாடியில் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

உள்ளே தட்டுகிற சத்தம் நின்றது.

ஸ்பேனரைப் பிடித்த கை அந்தரத்தில் அப்படியே நின்றது. பிறகு விளக்கு மெல்லத் திரும்பியது. முகம் தெரியவில்லை, வெளிச்சம்தான் தெரிந்தது, நேராக அவள் கண்ணில். எழுந்து நின்றான். அவனுக்குப் பின்னால், இருட்டின் ஆழத்தில், இன்னொரு விளக்கு எரிந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. இன்னொன்று.

நான்கு விளக்குகளும் நடக்கத் தொடங்கின.

“சாம்ராஜ்,” என்றாள். அவளுக்கே கேட்காத குரலில். விளக்கு நிற்கவில்லை. அவளைத் தெரிந்த மாதிரி இல்லை. பெரிதாகிப் பெரிதாகி, கண்ணாடியின் உட்பக்கம் முழுக்க மஞ்சளாகி, பக்கவாட்டில் நகர்ந்து, படத்தின் விளிம்பைத் தாண்டி மறைந்தது. அடுத்தது. அடுத்தது. கடைசி.

திரையில் இப்போது யாரும் இல்லை. சாம்பல் பெட்டி, கறுப்பு, அதன் மேல் வழுவழுவென்று ஒரு வெள்ளை வளைவு. நன்றாக வந்திருந்தது.

“போய்ட்டாங்க,” துரை மூச்சு விட்டான். “போய்ட்டாங்க இல்ல?”

டெய்சி தரையைப் பார்த்தாள். வெயிலைக் காணோம்.

வெளியே மணி ஒன்றுகூட ஆகியிருக்காது. ஷட்டருக்குக் கீழே ஒரு அடி உயரத்துக்குக் கறுப்பு. அதிலிருந்து குளிர்ந்த காற்று வந்து அவள் பாதத்தைத் தொட்டது. ஈரப் பாறை. வெடிமருந்து.

துரை பின்னால் நகர்ந்தான். நாற்காலி சரிந்தது. ஜெராக்ஸ் மெஷினின் பின்னால் போய், போர்த்தியிருந்த துணியைத் தன் மேல் இழுத்துக்கொண்டான். “நான் இல்லன்னு சொல்லு,” துணிக்குள்ளிருந்து கெஞ்சினான். “டெய்சி. நீ சொன்னா கேப்பான். நான் இங்க இல்லன்னு சொல்லு.”

அவள் வாயைத் திறக்கவில்லை.

ஷட்டரின் தகரத்தில், வெளியிலிருந்து, யாரோ பொறுமையாகத் தட்டினார்கள். மூன்று முறை.

பிறகு அடியில் விரல்கள் நுழைந்தன. இரண்டு கை. நான்கு கை. எட்டு. சேறு அப்பி, நகம் முழுக்கத் தேய்ந்துபோன விரல்கள், தகரத்தின் விளிம்பை வரிசையாகப் பற்றிக்கொண்டு, மெல்ல, அவசரமே இல்லாமல், மேலே தூக்கத் தொடங்கின.